மருந்துக்கடை ஸ்டூல்

என் மூத்த மகள் மனோதத்துவம் படித்தவள். பெயருக்கு முன்னால் டாக்டர் உண்டு, ஊசி போட மாட்டாள். வேலை செய்யும் இடத்தில் மனிதனுக்கு ஏன் அடிபடுகிறது, அடிபட்டவன் ஏன் வாயைத் திறப்பதில்லை என்று இருபத்திரண்டு வருஷமாக ஆராய்கிறாள். நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கு முழுக்குப் போட்டவன். தகடு அழுத்தும் ஒற்றை பிரஸ் மிஷினில் ஆரம்பித்து நாற்பது பேர் வேலை செய்யும் பட்டறையை எழுப்பியவன். யார் தயவும் இல்லை. அவளைப் படிக்கவைத்ததும் இந்தக் கைதான். சொல்லிக்கொள்வதில் எனக்கு வெட்கம் கிடையாது.

அவள் வேலை செய்யும் விதமே தனி. தொழிற்சாலைக்குப் போனதும் விபத்துப் பதிவேட்டைக் கேட்டு வாங்குவாள், புரட்டுவாள், மூடிவிடுவாள். பிறகு கேட்டுக்கு எதிரே உள்ள மருந்துக்கடையில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துவிடுவாள். ஷிஃப்ட் விட்டதும் யார் பஞ்சு வாங்குகிறார்கள், யார் தீக்காயக் களிம்பு வாங்குகிறார்கள் என்று குறித்துக்கொள்வாள். ஓரிடத்தில் பதிவேட்டில் வருஷம் முழுக்க இரண்டே காயம். எதிர்க்கடையில் ஒரே மாதத்தில் அறுபது பேர் கட்டுத்துணி வாங்கியிருந்தார்கள். அதை எழுதியதற்காக ஒரு வேலையும் போயிற்று அவளுக்கு.

போன வருஷம் எங்கள் ஊர்த் தொழிற்சாலைகளைப் பற்றிய அறிக்கைக்காக அந்த ஸ்டூல் என் பட்டறைக்கு எதிரே வந்து விழுந்தது. எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. என் வாசலில் பெரிய பலகை: 'விபத்தில்லாத நாட்கள் 96'. நூறைத் தொட்டால் நாற்பது பேர் வீட்டுக்கும் ஆளுக்கொரு குக்கர். என் சொந்த மூளையில் உதித்தது. முதலாளிகள் சங்கத்துக்கு நான்தான் தலைவன். என்னைப் பார்த்துத்தான் மற்றவர்களும் பலகை மாட்டினார்கள்.

"பெத்த அப்பனையே வேவு பாக்க வந்துட்டியா?"

"வேவு இல்லப்பா. உங்க பட்டறை மொட்டை அண்ணன் சோறு திங்கும்போதுகூட இடது கைல கிளவுஸ் போட்டிருக்காரே, ஏன்னு மட்டும் கேளுங்க."

மொட்டை என் பிரஸ் ஆபரேட்டர். கூப்பிட்டேன். "கையைக் காட்டுடா."

கிளவுஸ் லேசில் கழலவில்லை, துணி புண்ணோடு ஒட்டியிருந்தது. நடுவிரலில் நகமே இல்லை. நுனி கறுத்துச் சீழ் கோத்திருந்தது. எட்டு நாளாம்.

"ஏன்டா சொல்லல, முட்டாப் பயலே?"

"இன்னும் நாலு நாள்தானே முதலாளி. நான் வாயத் தொறந்தா பலகை சைபருக்குப் போயிடும். நாப்பது வீட்டுப் பொம்பளைங்களும் குக்கர் எங்கடான்னு என் வாசல்ல வந்து நிப்பாங்க. என் பொண்டாட்டியே மொதல்ல நிப்பா."

ஆஸ்பத்திரியில் விரல் நுனியை எடுத்துவிட்டார்கள். அன்றே வந்திருந்தால் மருந்திலேயே ஆறியிருக்கும் என்றார் டாக்டர். மிஷின் நசுக்கியது நகத்தைத்தான். விரலைத் தின்றது என் குக்கர்.

மகள் ஆஸ்பத்திரிச் சீட்டை வாங்கி மடித்துப் பையில் வைத்தாள். திட்டியிருந்தால் திருப்பிக் கத்தியாவது ஆறியிருப்பேன்.

அவளுடைய அறிக்கைக்கு இன்னும் ஆறு தொழிற்சாலை பாக்கி. அதற்குள் சங்கம் கூடியது, எந்த கேட்டுக்குள்ளும் அவளை விடக்கூடாது என்று தீர்மானம் போட. பொருளாளர் என்னைப் பார்த்துச் சிரித்தார். "தலைவரே, புள்ளைய கொஞ்சம் அடக்கி வைங்க. மனசப் படிச்சவளுக்கு மிஷினப் பத்தி என்ன தெரியும்?"

பலகையைக் கழற்றிக் கையோடு கொண்டுபோயிருந்தேன். மேஜைமேல் வீசினேன். டீ கிளாஸெல்லாம் உருண்டது.

"அம்பது வருஷம் மிஷினோட குடும்பம் நடத்துன எனக்கே தெரியாதது அவளுக்குத் தெரிஞ்சிருக்கு. உனக்கு என்னய்யா தெரியும்? உன் ஆளுங்க கைய ஒரு நாளாவது பாத்திருக்கியா?"

பதிலுக்கு எல்லோரும் கையைத் தூக்கினார்கள். தீர்மானம் நிறைவேறியது. என் பதவியும் அன்றோடு போயிற்று. போகட்டும், அந்த நாற்காலிக்கே என்னால்தான் மரியாதை.

மகளிடம் சொன்னேன். "கேட்டுக்குள்ளதானே விட மாட்டாங்க?" என்றாள்.

மறுநாள் பொருளாளரின் தொழிற்சாலைக்கு எதிரே மருந்துக்கடையில் அவள் ஸ்டூல் விழுந்தது. கடை கேட்டுக்கு வெளியே இருக்கிறது என்பது அந்த மேதாவிகள் ஒருத்தனுக்கும் உறைக்கவில்லை. பக்கத்திலேயே என் ஸ்டூலையும் போட்டேன். எனக்கு வேகமாக எழுத வராது. பஞ்சோ களிம்போ வாங்க வந்த ஆளுக்கொரு கோடு போட்டேன். முதல் ஷிஃப்ட் விட்டதும், நான் அழுத்திய அழுத்தில் ஒன்பதாவது கோட்டிலேயே காகிதம் கிழிந்தது.