வயல் பார்க்கப் போன வின்னி

அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் ஒரு சிற்றூரின் உழவர் சந்தைக் குழு, தன் ஆய்வாளரை இப்படி அறிமுகப்படுத்துகிறது: "பயிர்த்தொழிலில் நீண்ட அனுபவமும், தயவுதாட்சண்யமற்ற பார்வையும் உடையவர்." அந்த ஆய்வாளர் வின்னி லாரோ, தேவாலயத்தில் ஆர்கன் வாசிப்பவள். புதினாவையே பட்டுப்போக வைத்தவள். தயவுதாட்சண்யத்தைப் பற்றிச் சொல்வதானால், ஊரில் யாருக்கும் வேண்டாத பூனைகளெல்லாம் அவள் வீட்டில்தான் இருந்தன.

சந்தையில் விற்பவர் தானே விளைவித்ததைத்தான் விற்க வேண்டும். இல்லையென்றால் இடம் போய்விடும். வயலுக்குப் போய்ப் பார்த்துச் சொல்வது வின்னியின் பொறுப்பு.

போன கோடையில் ஆறு பெருகிப் பாலத்தை அடித்துக்கொண்டு போனபோது, சூப்பர் மார்க்கெட் அலமாரிகள் உடனே காலியாயின. உள்ளூர் உழவர் எல்டன் பிஷ்பீயின் வயல்தான் ஊருக்குச் சோறு போட்டது. அடுத்த வாரம் அதே ஆறு அவர் வயலுக்கும் வந்தது. அதன்பின் ஊரே உள்ளூர் விளைச்சல்தான் வாங்குவதென்று சபதம் எடுத்துக்கொண்டது. காசு ஊருக்குள்ளேயே சுற்றும், பாலம் போனாலும் பட்டினி இல்லை. இந்த ஆகஸ்டிலும் எல்டன் கடையில்தான் கூட்டம். "நம்ம மண்ணோட ருசியே தனி!" என்று சொல்லிச் சொல்லி அவர் தக்காளியைக் கடித்தார்கள்.

எல்லாத் தக்காளியும் ஒரே அளவாக இருப்பது பக்கத்துக் கடை நோரீனின் கண்ணை உறுத்தியது. வின்னி கிளம்பினாள்.

"வா வின்னி. என்ன, என் மேலயே சந்தேகமா?"

"எனக்கில்லப்பா. நோரீனுக்கு."

"அவ புருஷனையே நம்பாதவளாச்சே!"

வயலில் குச்சிகள் வரிசையாக நின்றன. கயிறுகூட அழகாகக் கட்டியிருந்தது. நடுவே வெடித்துக் கிடந்த சாம்பல்நிற வண்டல். ஓர் இலை இல்லை. ஒரு தேனீயின் சத்தமில்லை.

"பாத்து, பாத்து! கொடிய மிதிச்சிடாத" என்றார் எல்டன். காலைத் தூக்கி, இல்லாத ஒன்றைத் தாண்டினார். காற்றுக்கு அடியில் உள்ளங்கையைக் குவித்து எடை பார்த்தார். "இது இன்னும் ரெண்டு நாள் போகட்டும்."

வின்னி அவர் கண்களில் குறும்பைத் தேடினாள். இல்லை. சற்று நேரத்தில் தானும் காலைத் தூக்கித் தூக்கி வைப்பதை அவள் கவனித்தாள்.

கொட்டகையில் எங்கோ தூரத்து மாநிலத்துத் தக்காளிப் பெட்டிகள். கதவின் உட்புறம் முழுக்க, பழத்தில் ஒட்டிவரும் சின்னச் சின்ன வட்டத் தாள்கள், மீன் செதில் போல அடர்ந்து ஒட்டியிருந்தன.

"இதெல்லாம் என்ன எல்டன்?"

"ராத்திரியில தானா வந்து காய் மேல ஒட்டிக்குது. நானும் உரிச்சுக்கிட்டே இருக்கேன், தீர மாட்டேங்குது." அவர் குரல் தாழ்ந்தது. "சனிக்கிழமை நான் வரலேன்னா ஜனங்க என்னத்த திம்பாங்க, சொல்லு?"

புதுப்பாலத்தின் மேல் லாரி போகும் சத்தம் கேட்டது. அது அவர் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை.

அந்த வயலில் ஒன்றும் விளையவில்லை என்று சனிக்கிழமை வின்னி குழுவிடம் சொன்னாள். எல்டனின் கடையை எடுத்துவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை அவள் அவர் வயலுக்குப் போய், வண்டலைக் கொத்திக் கீரை விதைத்தாள்.