அரை அங்குலம்

"மூண்டு அறை வேணும்" என்றார் சிவசம்பு.

சீனக் கான்ட்ராக்டர் ஆ செங் நாற்காலியைச் சற்றுப் பின்னுக்கு இழுத்துக்கொண்டான். "யாருக்கு, ஐயா?"

"ரெண்டு எனக்கும் மனுசிக்கும். ஒண்டு வாறவைக்கு."

"வர்றவங்களுக்குமா?"

உள்ளேயிருந்து அவர் மனைவி கமலாம்பிகை சிரித்தாள். "மலாயிலை பிலிக் எண்டுறதைச் சொல்லுறார், தவுக்கே. படுக்கிறதுக்கு மூண்டு பிலிக்."

"பிலிக்கா! அத சொல்லுங்க லா. பயந்துட்டேன்."

ஆ செங் தமிழ் கற்றது சிகாமட் பக்கத்துத் தோட்டங்களில், கூலி லயன்கள் கட்டியபோது. அங்கே அறை என்றால் கங்காணி கன்னத்தில் கொடுப்பது. யாழ்ப்பாணத்தார் அதற்குள் குடியிருப்பார்கள் என்று அவனுக்கு யாரும் சொன்னதில்லை. சிவசம்பு பென்சிலைக் கீழே வைத்தார். ஒரு மணி நேரமாக ஒப்பந்தத்தின் இரண்டாவது ஷரத்தில் நிற்கிறார்கள். மொத்தம் முப்பத்தொரு ஷரத்து.

அவர் ஜொகூர் பாரு மராமத்து இலாகாவில் ஓவர்சியர். இருபத்திரண்டு வருடமாகப் பிறர் கட்டியதை அளந்து வந்தவர். ரப்பர் விலை விழுந்த அந்த வருடத்து ஆட்குறைப்பில் அவருக்கும் ஓய்வுக் கடிதம் வந்தது. டிசம்பர் முடிவில் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். இன்னும் நான்கு மாதம். ஊர் வீடு மகளுக்குச் சீதனமாகப் போய்விட்டது. இங்கே குன்றுச் சரிவில் கால் ஏக்கர் வாங்கிப் போட்டிருந்தார். அதில் வீடு எழும்பாவிட்டால் போக்கிடம் இல்லை.

இரண்டு கட்டட கான்ட்ராக்டர்களைக் கேட்டுப் பார்த்தார். யார் வீடு என்று தெரிந்ததும் இருவருக்கும் கை நிறைய வேலை இருந்தது. ஆ செங் மட்டும் கூப்பிட்டதும் வந்தான். அதுதான் அவருக்கு உறுத்தியது.

"அறை ஒவ்வொண்டும் பதினொரு அடி" என்றார்.

"பன்னெண்டு போடலாம். பலகை பன்னெண்டு அடியாத்தான் வருது. ஒவ்வொரு பலகையிலும் ஒரு அடிய வெட்டி நான் என்ன செய்ய? கோழிக்கூடா?"

"பன்னிரண்டு ஆகாது. மனையடி சாத்திரத்திலை கூடாது."

"என்ன ஆவும்?"

"குடும்பத்துக்கு நல்லதில்லை. எழுதும், பதினொண்டு."

ஆ செங் தலையாட்டினான். சிவசம்பு பதினான்காம் ஷரத்துக்குத் தாவினார். அதில் தகராறு இருக்காது என்று நினைத்தார். "கதவு அகலம் மூண்டு அடி."

"மூணு அடி முடியாது."

"ஏன் முடியாது?"

ஆ செங் பையிலிருந்து, சீனத் தச்சர்கள் நல்லது கெட்டது பார்க்கும் மர அளவுகோல் ஒன்றை எடுத்து மேசைமேல் வைத்தான். சிவப்பும் கறுப்புமாகக் கட்டம் கட்டமாகச் சீன எழுத்து. பக்கத்தில் சிவசம்புவின் இரும்பு அளவுகோலை வைத்து நகத்தால் ஒரு கறுப்புக் கட்டத்தைக் காட்டினான். "மூணு அடி இங்க வந்து நிக்குது. இது சீக்கு. அரை அங்குலம் கொறைச்சா பாருங்க, செவப்பு. இது காசு."

"இதென்ன பைத்தியக் கதை! அடி எண்டால் அடி. நீர் சொல்லுறதுக்கு அளவு மாறுமோ?"

"உங்க பன்னெண்டு அடிக்கு மட்டும் கெட்டது வரும். என் மூணு அடிக்கு வராதா?"

"அது சாத்திரம்."

"அப்ப இது என்ன, கோப்பிக் கடைக் கணக்கா?"

சிவசம்பு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மாட்டினார். மறுபடியும் கழற்றினார். "இந்த வேலையை நீர் ஏன் ஒத்துக்கொண்டனீர்? அதைச் சொல்லும் முதல்."

"உங்களுக்கு ஞாபகம் இல்லையா? இருபத்திரண்டு கதவு."

ஞாபகம் வந்தது. பதினான்கு வருடத்துக்கு முன் இந்தக் குவார்ட்டர்ஸ் வரிசை கட்டியபோது ஆ செங் செய்து கொண்டுவந்த கதவுகள். அத்தனையும் அரை அங்குலம் குறைவு. அவர்தான் சுண்ணாம்புக் கட்டியால் பெருக்கல் குறி போட்டுத் தள்ளியவர்.

"நீர் மரத்திலை களவெடுக்கப் பாத்தீர்."

"அரை அங்குலத்துல என்ன திருட முடியும் ஐயா? குடியிருக்கப் போறவங்களுக்கு நல்லதுன்னு செஞ்சேன். நீங்க தள்ளினீங்க. நிலையெல்லாம் பேத்துட்டுத் திரும்பவும் செஞ்சேன், சீக்கு அளவுல."

கமலாம்பிகை கையைத் துடைத்தபடி வாசலுக்கு வந்தாள். நின்ற இடத்திலேயே கதவு நிலையை மேலும் கீழும் பார்த்தாள். "இந்தக் கதவுமோ?"

"இதுவும்தான் அம்மா."

"இஞ்சேருங்கோ. எனக்கு இந்த மூச்சு இழுப்பு எப்ப தொடங்கினது?"

அவர் இரும்பு அளவுகோலைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"இந்த வீட்டுக்கு வந்த வருசம்" என்றாள் அவளே.

"இது மேட்டுக்குக் கீழை கிடக்கிற வீடு. ஈரம். அதாலை வந்தது."

"அப்ப பன்னிரண்டு அடிக்கும் ஈரம்தானோ காரணம்?"

ஆ செங் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். சிரிக்காமல் இருக்க அவன் பாடுபடுவது தெரிந்தது. சிவசம்புவுக்குக் காது சூடேறியது. "அப்ப பழி வாங்கத்தான் வந்தனீர்!"

"பழி இல்ல ஐயா. அன்னைக்கு நீங்க தள்ளின அளவுல ஒரு கதவு செய்யணும். கீழ உங்க கையெழுத்து வேணும். அவ்வளவுதான்."

சிவசம்பு காலண்டரைப் பார்த்தார். நான்கு மாதம். பதினான்காம் ஷரத்தில் மூன்று அடியை அடித்துவிட்டு, இரண்டு அடி பதினொன்றரை அங்குலம் என்று எழுதத் தொடங்கினார். பென்சில் முனை உடைந்தது. பேனாவால் எழுதி, ஓரத்தில் கையெழுத்துப் போட்டார். இலாகாவில் இப்படி அடித்துத் திருத்திய ஒப்பந்தம் வந்திருந்தால் திருப்பி அனுப்பியிருப்பார்.

"பதினொரு அடி அறைக்கு நீரும் ஒத்துக்கொள்ள வேணும்."

"சரி. கோழிக்கூடும் கட்டித் தர்றேன். பலகை இருக்கு."

ஆ செங் தன் முத்திரையை எடுத்து, மீதி ஷரத்துகளைக் கேட்காமலே ஒவ்வொரு பக்கத்திலும் குத்தினான்.

"மிச்சத்தை வாசிக்கேல்லையே நான்?"

"நீங்க எழுதினது. எப்படியும் எனக்குத்தான் நஷ்டம் வரும்."

அது வெள்ளிக்கிழமை. மறுநாள் காலை ஆறரை மணிக்கு ஆ செங் இரண்டு ஆட்களுடன் சரிவுக்கு வந்து முளை அடித்து நூல் கட்டினான். மூன்று அறையும் பதினொரு அடி. ஒன்பது மணிக்கு மழை பிடித்தது, வேலை நின்றது. சிவசம்பு இலாகாக் கொட்டகையில் புதிதாக வந்த எட்டுக் கதவுகளை அளந்தார். ஒன்று அரை அங்குலம் குறைவு. அதில் சுண்ணாம்புக் கட்டியால் பெருக்கல் குறி போட்டார். ஐந்து மணிக்குச் சரிவுக்குப் போனார். நூல் நனைந்து தொய்ந்திருந்தது. இழுத்துக் கட்டிவிட்டு வீடு திரும்பினார்.