ஐந்தருவிக் குளியலும் என் மில் வேலையும்

தென்காசிக்கு மேற்கே உடைமரமும் கல்லுமாய்க் கிடந்த பொட்டலை மைதானம் ஆக்கியவன் நான். முள் வெட்டியது, கல் பொறுக்கியது, வடகரையிலிருந்து பாக்குமரங்களைத் தோளில் சுமந்து வந்து கோல் கம்பமாக நட்டது, எல்லாம் இந்தக் கை. பந்தை எந்தப் பக்கம் உதைப்பது என்று தெரியாத பத்துப் பேரைச் சேர்த்து ஒரு டீம் உண்டாக்கினேன். பந்து உதைத்தே மில்லில் வேலை வாங்கியவன் இந்த வட்டாரத்தில் எனக்கு முன்னால் கிடையாது. படிப்பு மூன்றாம் வகுப்பு.

இவ்வளவுக்கும் பிறகு, மைதானத்தில் வைக்கப்போகிற கல்வெட்டுக்கு வாசகம் எழுதிக் கொண்டுவந்து காட்டுகிறார்கள் மைதானக் கமிட்டிக்காரர்கள். என்னைப் பற்றி ஒரே வரி: ‘பண்ணையார் அவர்களின் ஆதரவால் மில் அணியில் சேர்ந்தவர்.’ அந்த ஆதரவு எப்பேர்ப்பட்டது என்று அறிந்தவர்களில் நான் ஒருவன்தான் மிச்சம். ஆகவே எழுதுகிறேன். எழுத்துப் பிழை இருந்தால் அச்சுக்காரர் திருத்தட்டும். நடந்ததைத் திருத்த வேண்டாம்.

அது முப்பதுகளின் நடுப்பகுதி. பந்தாடிச் சம்பளம் வாங்க அப்போது எங்களுக்கு ஒரே வழிதான். பெரிய பஞ்சு மில்கள் தங்களுக்கென்று டீம் வைத்திருந்தன. நன்றாக ஆடுகிறவனை வேலைக்கு எடுத்துக்கொள்வார்கள். பகலில் நூல், சாயங்காலம் பந்து. அதற்காக நான்கு வருஷம் தினமும் விடியலில் தென்காசியிலிருந்து குற்றாலம் வரை ஓடிப் போய், ஓடித் திரும்பி, அதன் பிறகு வயலில் இறங்கினேன். சாரல் அடித்தாலும் ஓட்டம் நிற்காது. அந்தக் காலத்தில் காரணமில்லாமல் எவன் ஓடினான்? எதிரே வருகிறவர்கள் என்னை நிறுத்தி, “யாரு வீட்டுல துட்டி?” என்று கேட்பார்கள். சாவுச் சேதி கொண்டுபோகிறேன் என்று நினைப்பு. “யாரும் சாகல, பந்து வெளையாட ஓடுதேன்” என்று சொன்னால் இன்னும் கவலையாகப் பார்ப்பார்கள்.

ஒரு சாரல் காலத்தில் மில்லிலிருந்து ஆள் வருவதாகச் செய்தி வந்தது. டீமைக் கவனித்துக்கொள்கிற கிளார்க் அவர். சுரண்டைக்காரர்களோடு நாங்கள் ஆடுவதைப் பார்த்து, தேறினால் ஒருவனை எடுத்துக்கொள்வாராம். என் நான்கு வருஷமும் அந்த ஒரு சாயங்காலத்தில் வந்து நின்றது.

அன்று காலையில் பண்ணையார் வில்வண்டிகளோடு வந்து இறங்கினார். எங்களுக்குப் பந்து வாங்கிக் கொடுத்தவர். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் எங்கள் பக்கத்தில் ஒருவருக்கு மரியாதை செய்வதென்றால் குற்றாலத்துக்குக் கூட்டிப்போய், ஆள் வைத்து எண்ணெய் தேய்த்து, அருவியில் நிறுத்தி, விருந்து போட வேண்டும். மாப்பிள்ளைக்கும் அதுதான், தாசில்தாருக்கும் அதுதான். ஆட்டத்துக்குப் போகிறவனுக்கும் அதையே செய்ய எங்கள் ஊருக்குத்தான் தோன்றும்.

“எல்லாரும் ஏறுங்கலே. ஐந்தருவியில எண்ண தேய்க்க ஆளு நிக்கான்” என்றார்.

“ஐயா, எண்ண தேச்சிக் குளிச்சா கண்ணு சொருவும். ஆட்டம் முடியட்டும், நாளைக்குப் போவோம்” என்றேன்.

“நீ பெரிய டாக்டரு. குத்தாலத்துத் தண்ணி பட்டா சீக்காளியே எந்திச்சி ஓடுதான். ஒனக்கு என்னலே கேடு?”

எங்கள் கேப்டன் ஜவுளிக்கடைக்காரர் மகன். அவன் வண்டியில் ஏறி உட்கார்ந்துகொண்டு, “அவன விடுங்கய்யா. குளிச்சா அழுக்கு போயி எடை கொறஞ்சிரும்னு பயப்படுதான்” என்றான். எல்லோரும் சிரித்தார்கள்.

நானும் போனேன். போய் என்ன? பத்துப் பேரின் துணிக்குக் காவலாகப் பாறையில் உட்கார்ந்திருந்தேன். அருவி இரைச்சலில் நான் கத்தியது எவன் காதிலும் ஏறவில்லை. பிறகு இலை போட்டார்கள். கோழிக்குழம்பு, இரண்டு பாயசம். நான் ஒரு செம்பு மோர் குடித்தேன்.

சாயங்காலம் ஆட்டம் தொடங்கியது. கேப்டன் நாணயம் சுண்டும்போதே கொட்டாவி விட்டான். சீயக்காய்க்கும் போகாத எண்ணெய் தலையிலிருந்து வடிந்து கண்ணில் இறங்க, ஒருவன் பந்தை விட்டுவிட்டுக் கண்ணைக் கசக்கிக்கொண்டு நின்றான். கோல் காத்தவன் கையில் பந்து தங்கவே இல்லை. பாக்குமரத்தில் சாய்ந்து நின்றபடியே மூன்று கோல் வாங்கினான். பின்காவலில் பேக்காக நின்ற நான் எத்தனை பேரை மறிப்பது?

இடைவேளையில் கேப்டனைக் கேட்கவில்லை. கோல்காரனை முன்னால் தள்ளிவிட்டு நானே கம்பங்களுக்கு நடுவில் நின்றேன். நெஞ்சில் வாங்கினேன், முழங்காலில் வாங்கினேன், ஒன்றை முகத்தில் வாங்கி உதடு கிழிந்தது. அதற்கு மேல் ஒரு கோல் விழவில்லை.

முடிந்ததும் மில் கிளார்க் என்னிடம் வந்தார். “நீ கோல் கீப்பரா?”

“இல்ல சார், பேக்கு.”

“பின்ன ஏன் அங்க போய் நின்ன?”

“நிக்க வேண்டியவன் தூங்குதான் சார். நானும் தூங்கினா நீங்க இம்புட்டுத் தூரம் வந்தது வீணாப் போவும்லா.”

அவர் சிரித்துக்கொண்டே என் பெயரை எழுதினார். அதற்குள் பண்ணையார் என் தோளில் கை போட்டு, “எல்லாம் நம்ம ஐந்தருவித் தண்ணி பண்ணுத வேல சார்” என்றார். பதினோரு பேரில் அந்தத் தண்ணி படாதவன் நான் ஒருவன். அதைச் சொல்ல வாய் திறந்தேன்; கிழிந்த உதடு எரிந்தது, விட்டுவிட்டேன். அன்று விட்டதுதான் இன்று கல்லில் ஏறப் பார்க்கிறது.

மில்லிலும் டீமில் இடத்தை யாரும் தாம்பாளத்தில் வைத்துத் தரவில்லை. அங்கே பூட்ஸ் போட்டு ஆடுவார்கள். எனக்கு அது இரண்டு காலிலும் விலங்கு. நகம் பெயர்ந்து, பஞ்சு வைத்துக் கட்டி, ஷிப்டு முடிந்து தனியாக ஓடிப் பழகினேன். ஒரு வருஷம் கோட்டுக்கு வெளியே உட்கார வைத்தார்கள். பிறகு யுத்தம் முடிகிற வரைக்கும் என்னை வெளியே உட்கார வைக்க அவர்களுக்குத் தைரியம் வரவில்லை.

ஆகவே கமிட்டிக்காரர்களுக்குச் சொல்லுகிறேன். பந்து வாங்கித் தந்தவர் என்று பண்ணையார் பெயரைப் போடுங்கள். என் வரியில் ‘பண்ணையார் அவர்களின் ஆதரவால்’ என்பதை எடுத்துவிட்டு, ‘தன் உழைப்பால்’ என்று கல்லில் வெட்டுங்கள். மைதானம் உண்டாக்கியவன் என்றும் என் பெயரைப் போட வேண்டும். கல் தச்சன் இன்னும் உளி வைக்கவில்லை என்று விசாரித்து வைத்திருக்கிறேன். மாற்றி எழுதிய தாளை என்னிடம் காட்டாமல் அவனிடம் கொடுக்கக்கூடாது.