மிக்கேல்ராஜின் சட்டையில் தைத்த பை

சவரியம்மாளின் விரல்களுக்குத் துணி தெரியும். கண்ணை மூடிக்கொண்டு தடவி, இது பருத்தி, இது டெரிகாட்டன், இது இரண்டும் கெட்டான் என்று சொல்லிவிடுவாள். தாராவியில் அவள் சந்தில் யார் புடவை எடுத்தாலும் அவளிடம் ஒருமுறை காட்டிவிட்டுத்தான் பெட்டிக்குள் வைப்பார்கள்.

அந்த விரல்களோடு அவள் ஆறு வருடமாக மாதுங்காவில் வைத்தீஸ்வரனின் கடைப்படியில் உட்கார்ந்திருந்தாள். காப்பித்தூள், அப்பளம், ஊறுகாய் விற்கிற கடை. பிளாஸ்டிக் பைக்குத் தடை வந்த பிறகு அவராகத்தான் கூப்பிட்டு இடம் கொடுத்தார். படியோரம் தையல் மிஷினைப் போட்டுக்கொண்டு கடைக்குத் துணிப்பை தைத்துத் தர வேண்டும். மிச்ச நேரத்தில் ஊராரின் ஜாக்கெட்டைப் பிரித்துத் தைத்துக்கொள்ளலாம்.

வீட்டில் மிஷினுக்கு இடமில்லை. ஏணி வைத்து ஏறுகிற ஒற்றை அறை. மகன் ஸ்டெர்லினுக்குக் குழந்தை பிறந்த அன்றே மருமகள் ரெபேக்கா கேட்டுவிட்டாள்: "தொட்டில் வேணுமா, மிஷின் வேணுமா, நீங்களே சொல்லுங்கத்தே." படி போனால் மிஷின் போகும். மிஷின் போனால் மறுபடி செம்பூரில் நாலு வீட்டுப் பாத்திரம்.

முதல் பையை இறந்துபோன கணவன் மிக்கேல்ராஜின் நீலக் கட்டம்போட்ட சட்டையில் தைத்தாள். பழந்துணி கைக்கு வந்ததும் பட்டன்களை வெட்டி டப்பாவில் போடுவதுதான் அவள் வழக்கம். அந்தச் சட்டையின் ஜேபியை மட்டும் பட்டனோடு அப்படியே விட்டாள். ஜெபமாலையை அதில் போட்டு, பட்டனை மாட்டாமல் அவர் வாசல் தாண்டியதில்லை. "பில்லு வெச்சுக்கலாம், நன்னாருக்கே," என்று வைத்தீஸ்வரன் அந்தப் பையைக் கடை முகப்பில் ஆணியடித்து மாட்டினார்.

போன வருடம் அவருக்குப் பருத்தி கட்டுப்படியாகவில்லை. மொத்த வியாபாரி நாகூர் கனியின் கிடங்கிலிருந்து மலிவான வெள்ளைச் சுருள்கள் வந்து இறங்கின. சவரியம்மாள் ஒரு முனையை நிமிண்டிப் பார்த்தாள். நூல் பிரியவில்லை.

"இதுல நூலே இல்லியே சார். ஊசி வேற பிசுக்குப் புடிக்கி. இது துணி இல்ல."

"ஊசி ஏறறதோல்லியோ? அப்போ துணிதான். படியில உக்காரணும்னா தை."

தைத்தாள். யாராவது "துணிதானே?" என்று கேட்டால் தலையை ஆட்டவும் பழகிக்கொண்டாள்.

ஒரு செவ்வாய்க்கிழமை மாநகராட்சி ஆட்கள் வந்தார்கள். ஒருவர் பையைக் கிழித்துப் பார்த்தார். மெலிசு ரகம், இதுவும் பிளாஸ்டிக்தான் என்று இந்தியில் சொன்னார். ஐயாயிரம் அபராதம் எழுதிக் கொடுத்து, கட்டுகளை வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். கத்தவில்லை, மிரட்டவில்லை. அதுதான் வைத்தீஸ்வரனுக்குத் தாங்கவில்லை. கோபித்துக்கொள்ள அவருக்கு ஓர் ஆள் வேண்டியிருந்தது.

"துணின்னு சொல்லி என் தலையில கட்டிட்டா," என்றார், கடையில் நின்ற எட்டுப் பத்துப் பேருக்கும் கேட்கும்படி.

"நாந்தான் அன்னைக்கே சொன்னம்லா சார்..."

"நேத்திக்கு மாடியாத்து மாமி கேட்டப்போ என்ன சொன்னே? அதைச் சொல்லு."



"துணின்னுதான் சொன்னா," என்றாள் மாடிவீட்டு மாமி. "சர்ச்சுக்குப் போறவ, பொய் சொல்லமாட்டான்னு நெனச்சேன்."

வைத்தீஸ்வரன் சாமி படத்தடியிலிருந்த தீப்பெட்டியை எடுத்து மிஷின்மேல் போட்டார். "உன் கையாலேயே கொளுத்திக் காட்டு."

மிஷினடியில் கிடந்த ஒரு வெள்ளைப் பையைக் கொளுத்தினாள். அது சுருண்டு, உருகி, சொட்டியது. ஒரு சொட்டு அவள் கட்டைவிரலில் விழுந்தது.

"பார்த்து, விரலும் பிளாஸ்டிக்கா இருந்துடப்போறது," என்றார் ஒருவர். சிரித்தார்கள்.

அவள் பேசாமல் இருந்திருக்கலாம். ஆனால் விரலைச் சொல்லிவிட்டார்கள்.

"எனக்குத் துணி தெரியும் சார். ஆணியில தொங்குதுல்லா, அதுவும் நாந் தச்சதுதான். அது துணி."

"அப்படியா? அதையும் கொளுத்து. சாம்பலாச்சுன்னா படி உன்னோடது. உருகித்துன்னா சாயங்காலத்துக்குள்ள மிஷினைத் தூக்கிடு."

பையை இறக்கினாள். ஒருவரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. கீழ் மூலையில் தீக்குச்சியை வைத்தாள். மஞ்சள் சுடர் நிதானமாக ஏறியது. காகிதம் எரிகிற வாசனை. நீலக் கட்டங்கள் ஒவ்வொன்றாகக் கறுத்துப் பொடிந்தன. அவளுக்குச் சிரிப்புக்கூட வந்தது.

"பாருங்க சார், சாம்பலு. கையில தொட்டுப் பாருங்க."

தீ ஜேபியைத் தொட்டது. கறுப்பாக ஒரு சொட்டு கல்படியில் விழுந்து ஒட்டிக்கொண்டது. மாமிதான் முதலில் குனிந்து பார்த்தாள்.

"உருகறதே."

"அது பட்டனும்மா."

"பட்டன் எதுல பண்ணினது, சவரி?" வைத்தீஸ்வரனின் குரல் மிக மென்மையாக இருந்தது.

இத்தனை வருடத்தில் அவள் வெட்டாமல் விட்ட ஒரே பட்டன்.

"பிளாஸ்டிக்கு, சார்."

உள்ளே காப்பி அரைத்துக்கொண்டிருந்தவர்கூட மிஷினை நிறுத்திவிட்டுச் சிரித்தார். பிறகு அவரவர் வாங்க வந்ததை வாங்கிக்கொண்டு போனார்கள்.

"போறதுக்கு முன்னாடி படியைச் சுத்தம் பண்ணிடு," என்றார் வைத்தீஸ்வரன். "கல்லுல ஒட்டிண்டிருக்கு."

சாம்பல் ஒரே வீச்சில் துடைப்பத்தோடு போய்விட்டது. பட்டன் வரவில்லை. கத்தரிக்கோலின் முனையால் சுரண்டத் தொடங்கினாள். ஸ்டெர்லின் வந்து மிஷினைப் பிடித்துத் தூக்கி டெம்போவில் ஏற்றும்போதும் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

"வாம்மா," என்றான் அவன். "பழைய இரும்புக்காரன் அஞ்சு மணி வரைதான் இருப்பான்."