பத்து நாள் கொட்டடி

நாய் வளர்ப்பவர்களும் நாயிடம் கடிபட்டவர்களும் ஒருநாள் இல்லாவிட்டால் ஒருநாள் வந்து நிற்கும் கதவு ஒன்று பினாங்கில் இருந்தது. அதன் சாவி ஏழு வருஷம் என் இடுப்பில் தொங்கியது.

முனிசிபாலிட்டி நாய்க் கொட்டடியின் காவலாள் வேலைக்கு நான் ஆசைப்பட்டுப் போனவன் அல்ல. துறைமுகத்துக் கூலிகளைத் திரட்டி வேலையை நிறுத்தியவன் நான். பள்ளிக்கூடத்தில் கால் வைத்ததில்லை. துண்டுப் பிரசுரங்களை எழுத்துக் கூட்டி வாசித்தே படிக்கக் கற்றேன். பிறகு நானே எழுதினேன். வேலை நிறுத்தம் முடிந்ததும் மற்றவர்களைத் திரும்பச் சேர்த்துக்கொண்டார்கள். என்னைச் சேர்க்க எந்தக் கம்பெனியும் தயாராக இல்லை. எல்லாரும் வர மறுத்த ஒரே வேலை இதுதான், அதனால் எனக்குக் கிடைத்தது.

வேலை சுலபம். மனிதனைக் கடித்த நாயைக் கொண்டுவந்து பத்து நாள் கம்பிக்குள் பூட்டி வைப்போம். வெறி பிடித்த நாயாக இருந்தால் அதற்குள் செத்துவிடும். செத்தால் கடிபட்டவர் அன்றே ஆஸ்பத்திரிக்கு ஓடி வயிற்றில் பதினாலு ஊசி போட்டுக்கொள்ள வேண்டும். நாய் பிழைத்துவிட்டால் ஊசி வேண்டாம். நோய் தலைக்கேறிய பிறகு ஊசியும் இல்லை, மருந்தும் இல்லை. அந்தப் பத்து நாளும் முகம் தெரியாத யாரோ ஒருவர் உயிர் என் கண்ணில் இருந்தது.

குரைப்பு நின்ற காலை

கொட்டடியில் எப்போதும் பத்துப் பன்னிரண்டு நாய்கள் இருக்கும். வண்டிச் சத்தம் கேட்டால் போதும், எல்லாம் சேர்ந்து கூரையைத் தூக்கும். வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம், ஒரு காலை, நாய் வண்டி ஓட்டும் முனியாண்டி ஒரு செவலை நாயைக் கூண்டோடு இறக்கினான். அது அமைதியாகத்தான் இருந்தது. வாயில் நுரை இல்லை, கண்ணில் சிவப்பு இல்லை. ஆனால் அது உள்ளே வந்ததும் குரைப்பு நின்றது. படிப்படியாக அல்ல, கதவைச் சாத்தியது போல ஒரேயடியாக. எல்லா நாய்களும் எழுந்து, கம்பியை விட்டு நகர்ந்து, பின்சுவரோடு முதுகை ஒட்டிக்கொண்டு அதையே பார்த்து நின்றன.

கூட்டம் அமைதியானால் அடுத்தது கைதட்டல் என்றுதான் எனக்குப் பழக்கம். இந்த அமைதியில் என் கை ரோமம் எழுந்து நின்றது. முனியாண்டி மட்டும் வெற்றிலையை மடித்துக்கொண்டே சொன்னான்: “அதுங்களுக்குத் தெரிஞ்சுபோச்சு தலைவரே. நமக்குத் தெரிய மூணு நாளாகும்.”

மூன்றாம் நாள் அது கட்டையைக் கடித்துக்கொண்டே செத்தது.

நானாவின் விருந்தாளி

பத்துச் சந்து தள்ளி ஒரு சாப்பாட்டுக் கடை. கடைக்காரர் நாகூர்ப் பக்கத்து முஸ்லிம். ஊர் முழுக்க அவரை நானா என்றுதான் கூப்பிடும். கடையின் பின்சந்தில் வில்லை இல்லாத கிழட்டு நாய் ஒன்று சுற்றுவதாகப் புகார். வரி கட்டிய நாய்க்குக் கழுத்தில் பித்தளை வில்லை இருக்கும். இல்லாத நாய் எங்கள் வண்டிக்குச் சொந்தம்.

போய் விசாரித்தேன். நாயா, எனக்கெதற்கு நாய், தொட்டால் ஏழு தரம் கழுவ வேண்டுமே என்றார் நானா. பேசிக்கொண்டிருக்கும்போதே ஒரு தட்டில் எலும்பும் சோறும் போட்டுப் பின்கதவுப் படியில் வைத்தார். சந்தில் நாய் இல்லை. முனியாண்டி அதை முந்தின வாரமே பிடித்துக் கொன்றுவிட்டான் என்று அப்போதுதான் எனக்கு நினைவு வந்தது. நானாவுக்கும் அது தெரியுமாம். ஆனாலும் தினமும் வைக்கிறார், தினமும் தட்டு காலியாகிறது. எலியாக இருக்கும் என்றேன். அவர் ஒப்புக்கொண்டார். ஒப்புக்கொண்டு, தட்டைச் சுற்றிப் படியில் தூவியிருந்த மாவைக் காட்டினார். அதில் எந்தக் கால் தடமும் இல்லை.

“எலியாத்தான் இருக்கும் தம்பி. நடக்கத் தெரியாத எலி.”

வாய்க்கூடு

வெறிநாய்ப் பயம் பரவிய வருஷம், எல்லா நாய்க்கும் வாய்க்கூடு கட்ட வேண்டும் என்று தண்டோரா போட்டார்கள். கடற்கரையோரத்துப் பங்களா ஒன்றில் இரண்டு பெரிய சீமை நாய்கள், வாய் திறந்தபடி. துரையைக் கேட்க எனக்கு அனுமதி இல்லை, சமையற்காரரைத்தான் கேட்கலாம். சமையற்காரர் அந்தோணி என் பிரசுரங்களை அந்தக் காலத்தில் ரகசியமாக வாங்கிப் படித்தவர். பதில் சொல்லும் முன் உள்ளே ஒருமுறை எட்டிப் பார்த்துக்கொண்டார்.

“கூடு கட்டினா நாய்க்கு மூச்சு முட்டுதாம் தலைவரே. அதனால எங்களை வாயை மூடிக்கச் சொல்லிட்டாங்க.”

பெயருக்குத் திரும்பாத நாய்

இனி நான் எழுதத் தயங்கிய விஷயம்.

டத்தோ கிராமாட் சாலையில் சூசை வாத்தியார் வீடு. வேதக்காரர், பிள்ளையில்லாதவர், மென்மையாகப் பேசுபவர். அவருடைய ராஜா, மார்பில் வெள்ளைப் பட்டை போட்ட கறுப்பு நாய். அது ஒருநாள் காலை பால் ஊற்ற வந்த வேலுவின் மணிக்கட்டைக் கடித்துவிட்டது. வேலு என் ஆள். வேலை நிறுத்தத்தில் கடைசிவரை என்னோடு நின்று, பிறகு துறைமுகம் பிடிக்காமல் நாலு மாடு வைத்துப் பிழைத்தவன். ஆஸ்பத்திரியில் காயத்தைக் கழுவிக் கட்டி, பத்து நாள் நாயைப் பார்த்துவிட்டு வா என்று அனுப்பிவிட்டார்கள்.

வாத்தியார் மறுநாள் தானே நாயைக் கொண்டுவந்தார். கறுப்பு நாய், மார்பில் வெள்ளை, கழுத்தில் வில்லை. வில்லையின் எண்ணும் வரிச் சீட்டில் இருந்த எண்ணும் ஒன்றே. கொட்டடி நாய்கள் அதைப் பார்த்து ஓயாமல் குரைத்தன, எனக்கு நிம்மதி. நாயைக் கம்பிக்குள் பூட்டிவிட்டு அவரை அனுப்பிவிட்டேன். நாய்க்காரர் உள்ளே வரக்கூடாது என்பது விதி. வந்தால் தின்பண்டம் கொடுத்துக் கெடுப்பார்கள்.

நாய் நன்றாகச் சாப்பிட்டது, தண்ணீர் குடித்தது. ஒரு குணம் மட்டும் விசேஷம். ராஜா என்று எத்தனை தரம் கூப்பிட்டாலும் காதைக்கூட அசைக்காது. எனக்கு அது மிகவும் பிடித்துப்போயிற்று. எசமான் வைத்த பெயர், அதிலும் ராஜா என்ற பெயர். அதை ஏற்க மறுக்கும் பிராணி இந்த ஊரில் என்னைத் தவிர இன்னொன்றும் இருக்கிறது என்று டீக்கடையில் சொன்னேன், எல்லாரும் மேசையைத் தட்டிச் சிரித்தார்கள். ஊர் முழுக்க இந்தக் கதையைச் சொன்னேன்.

பதினோராம் நாள் நாயை வாத்தியாரிடம் ஒப்படைத்தோம். வேலுவிடம் நானே போய் ஊசி வேண்டாம் என்றேன். முனியாண்டி வண்டியைக் கழுவிக்கொண்டு கேட்டான்: “நாய்க்கும் ஒரு சங்கம் வெச்சுருங்களேன் தலைவரே. முதல் மெம்பர்தான் கிடைச்சாச்சே.”

வேலு வந்த பகல்

ஆறு வாரம் கழித்து, உச்சிவேளையில், வேலு ஒரு சொம்புப் பால் கொண்டுவந்தான். கொட்டடிக்கு அவன் வந்தது அதுவே முதல் தடவை. நாய்கள் வழக்கம்போலக் கத்திக்கொண்டிருந்தன. அவன் வாசல் தாண்டி உள்ளே கால் வைத்தான்.

குரைப்பு நின்றது.

எல்லாம் எழுந்தன. பின்சுவருக்கு நகர்ந்தன. நான் வேலுவின் பின்னால் வேறு நாய் ஏதாவது வந்திருக்கிறதா என்று பார்த்தேன். வெயிலில் அவன் நிழல் தவிர அங்கே ஒன்றும் இல்லை. அவன் கட்டவிழ்த்த மணிக்கட்டைத் தடவிக்கொண்டே, புண் ஆறிவிட்டது, இரண்டு நாளாக அந்த இடத்தில் எறும்பு ஊறுவது போல இருக்கிறது, தூக்கம்தான் வரவில்லை என்றான். என் முகத்தைப் பார்த்தவன் நான் பயந்திருக்கிறேன் என்று கண்டுகொண்டு, என்னைத் தேற்றுவதற்காகச் சிரித்தான்.

“என்னண்ணே, உங்க சங்கத்து ஆளுங்க என்னைப் பாத்து எழுந்து நிக்குறாங்க?”

ஆஸ்பத்திரி

நான் அவனை ரிக்‌ஷாவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். நாய் பிழைத்ததா என்று டாக்டர் கேட்டார். பிழைத்தது என்றேன். அப்படியானால் இது வேறு ஏதாவது காய்ச்சலாக இருக்கும் என்றார். மறுநாள் சாயங்காலம் அவரே வேலுவைத் தனி அறைக்கு மாற்றிவிட்டார்.

வாசகர்களே, உங்களில் யாருக்காவது இதைப் பார்க்க நேர்ந்திருந்தால் நான் விவரிக்கத் தேவையில்லை. பார்க்காதவர்களுக்கு ஒன்று மட்டும் சொல்கிறேன். அவனுக்குத் தாகம் இருந்தது. தகரக் குவளையைத் தானே வாங்கினான். உதட்டுக்குக் கொண்டுபோகும் முன்பே தொண்டை இழுத்துக்கொண்டு, குவளை சுவரில் போய் விழுந்தது. நடுவில் தெளிவான நேரங்கள் வந்தன. அந்த நேரங்கள்தான் பயங்கரம். அப்போது அவன் பழைய வேலுவாகவே இருந்தான். மாடுகளைப் பற்றிப் பேசினான். ஜன்னல் காற்று பட்டதும் நடுங்கி, ஜன்னலைச் சாத்தச் சொன்னான். பிறகு என்னைக் கூப்பிட்டு, அந்த நாய் நல்லாத்தானே இருந்துச்சு என்று கேட்டான். நல்லாத்தான் இருந்தது, என் கையால் சோறு போட்டேன் என்றேன். அது உண்மை. அவன் தலையாட்டினான்.

“அப்ப எனக்கு ஒண்ணுமில்லண்ணே. நீங்க சொன்னா சரிதான்.”

அன்றிரவு விடிவதற்குள் முடிந்தது.

சூசை வாத்தியார் வீடு

வேலுவை அடக்கம் செய்த மூன்றாம் நாள் டத்தோ கிராமாட் சாலைக்குப் போனேன். எதற்குப் போகிறேன் என்று எனக்கே தெரியாது. வாத்தியார் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். கறுப்பு நாய் அவர் காலடியில் படுத்திருந்தது. ராஜா என்றேன். அசையவில்லை. இன்னொரு தரம் கூப்பிட்டேன். வாத்தியார் தலையைக் குனிந்துகொண்டார். உள்ளேயிருந்து அவர் மனைவி, நான் வந்தது தெரியாமல், மணி, மணி, சோறு என்று குரல் கொடுத்தாள். நாய் காதை நிமிர்த்திக்கொண்டு, வாலை ஆட்டியபடி ஓடியது.

அவர் எதையும் மறைக்கவில்லை. கொட்டடிக்குப் போன நாய் திரும்பாது என்று ஊரில் பேச்சு. ராஜாவைப் பிள்ளை போல வளர்த்தார்கள். அக்கரையில் புக்கிட் மெர்தாஜாமில் மைத்துனர் வீட்டில் ராஜாவோடு ஒரே ஈற்றில் பிறந்த நாய் இருந்தது, அதே நிறம், அதே வெள்ளைப் பட்டை. அன்று மத்தியானமே போய் அதைப் படகில் கொண்டுவந்து, ராஜாவின் வில்லையைக் கழற்றி அதன் கழுத்தில் மாட்டினார்கள். ராஜாவைச் சமையலறைக்குப் பின்னால் கட்டிவைத்தார்கள். நாலாம் நாள் அது செத்தது. யாரோ எலிப் பாஷாணம் வைத்துவிட்டார்கள் என்று மனைவியிடம் சொன்னாராம், தனக்கும் அதையே சொல்லிக்கொண்டாராம். ராம்புத்தான் மரத்தடியில் புதைத்த இடத்தைக் காட்டினார். அன்றைக்கு அவர் வந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் வேலுவுக்கு ஊசி போட நாள் இருந்தது.

அவர் சட்டையைப் பிடித்தேன். நாற்பது பேர் முன்னால் துரைமார்களைத் திட்டிய வாய் என்னுடையது. அன்று எனக்கு அதில் கெட்ட வார்த்தைக்குப் பஞ்சம் இல்லை. எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். சட்டையை விடுவிக்கவில்லை. பள்ளிக்கூடத்தில் மெதுவாகப் படிக்கும் பையனுக்குச் சொல்வது போன்ற குரலில் சொன்னார்:

“ராஜான்னு கூப்பிட்டா திரும்பலைன்னு நீங்கதானே ஊரெல்லாம் பெருமையாச் சொன்னீங்க. அதைக் கேட்டதிலேருந்து, இப்ப வந்துருவீங்க, இப்ப வந்துருவீங்கன்னு இந்த வாசல்லதான் உக்காந்திருக்கேன்.”

கொட்டடிக்கு வரும் எந்த நாயையும் அதன் வீட்டார் என் எதிரில் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, அது திரும்பிப் பார்த்த பிறகுதான் கதவைப் பூட்ட வேண்டும் என்று மறுநாளே எழுதிச் சுவரில் ஒட்டினேன். வாழ்நாளெல்லாம் முனிசிபாலிட்டிக்கு எதிராகவே எழுதிய நான், அதன் சார்பாக எழுதிய ஒரே விதி அதுதான், அதையும் வேலு போன பிறகுதான் எழுதினேன்.