அஞ்சலையின் மாத்திரை

அடிலெய்டில் நாங்கள் குடியிருக்கும் தெருமுனையில் ஒரு சிக்னல் உண்டு. அன்று சிவப்பு விளக்குக்காக நின்ற ஒரு காரில், வெள்ளைக்காரப் பெண்மணி ஒருவர் உள்கண்ணாடியைத் தன் பக்கம் திருப்பி, மோவாயை உயர்த்தி, சின்ன இடுக்கியால் முடி பிடுங்கிக்கொண்டிருந்தார். நடைபாதையில் நின்று நான் பார்ப்பதை அவரும் பார்த்துவிட்டார். முகத்தை மறைக்கவில்லை. இடுக்கி பிடித்த கையாலேயே எனக்குக் கையசைத்தார். பச்சை விழுந்ததும் போய்விட்டார். வெட்கப்பட்டவன் நான்தான். கள்ளக்குறிச்சியில் துருகம் சாலையில் ஒரு பெண் இப்படிச் செய்தால் அவள் பேரப்பிள்ளைகளுக்குப் பெண் பார்க்கும்போதுகூட அது பேச்சில் வரும். ஊரில் இருந்து இதைப் படிப்பவர்கள் சிரிக்கலாம். எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் மனைவி தன் வாழ்நாளில் பாதியை மோவாயை மறைப்பதிலேயே கழித்தவள். மறைக்க வேண்டிய தேவை அவளுக்குத் தீர்ந்தபோது, அதைத் தாங்க முடியாமல் போனவன் நான்.

கள்ளக்குறிச்சிப் பக்கத்துப் பள்ளியொன்றில் தாவரவியல் நடத்தி ஓய்வு பெற்றேன். மகன் அழைத்ததால் மனைவி அஞ்சலையுடன் இங்கு வந்தேன். எனக்கு எழுபது தாண்டிவிட்டது. அவள் பன்னிரண்டு வயது இளையவள். கல்யாணமான முதல் வாரத்தில் அவள் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டு, "எனக்கு மொகத்துல முடி மொளைக்கும். தெரிஞ்சிதான் கட்டிக்கினீங்களா?" என்று கேட்டாள். தெரியாது. ஆனால் தெரியும் என்றேன். அந்தப் பொய்யில் எனக்கு நானே பெரிய மனிதனாகத் தெரிந்தேன். எங்கள் வீட்டில் காலில் தைத்த முள்ளை எடுக்க அப்பா வைத்திருந்த முள்வாங்கி ஒன்று இருந்தது. அதைக் கழுவி எடுத்துவந்து, அவள் தலையை மடியில் வைத்து, பின்கட்டுச் சன்னல் வெளிச்சத்தில் முதல் முடியைப் பிடுங்கினேன்.

அதன்பிறகு ஞாயிற்றுக்கிழமைதோறும் அதுவே வழக்கமானது. எண்ணெய் தேய்த்துக் குளித்த பிறகு கதவைத் தாழிடுவோம். மேலுதட்டில் பிடுங்கும்போது மட்டும் அவளுக்குக் கண்ணீர் வரும். மற்ற நேரமெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு அந்த வாரத்துக் கதைகளைச் சொல்வாள். எந்த வீட்டில் சண்டை, எவள் நகையை அடகு வைத்தாள், எந்த மாமியார் எந்த மருமகளை என்ன சொல்லித் திட்டினாள். வகுப்பில் கத்திக் கத்திக் களைத்த எனக்கு அந்த ஒரு மணி நேரம் போதும். அழகு நிலையத்துக்குப் போக அவளுக்குப் பயம். அங்கே வேலை செய்யும் பெண் யாரிடமாவது சொல்லிவிடுவாளாம். அதனால் ஒரு வாரத்துக்கு மேல் என்னைப் பிரிந்து அவள் எங்கும் தங்கியதில்லை. அவளுடைய அக்காவைக் கல்வராயன் மலையில் கரியாலூரில் கொடுத்திருந்தார்கள். ஆடித் திருவிழாவுக்கு வந்து பத்து நாள் இருந்துவிட்டுப் போ என்று அக்கா ஒவ்வொரு வருடமும் கூப்பிடுவாள். "அவர வுட்டுட்டு எப்டிக்கா வர்றது?" என்பாள் இவள். அதைக் கேட்க எனக்கு எவ்வளவு பெருமையாக இருக்கும் தெரியுமா? என்மேல் உள்ள பிரியம் என்றே நம்பினேன்.

இங்கு வந்த இரண்டாம் குளிர்காலத்தில் ஒரு சாதாரணப் பரிசோதனைக்காக மருத்துவரிடம் போனோம். மகனும் மருமகளும் வேலைக்குப் போய்விடுவதால் மொழிபெயர்ப்பு என் பொறுப்பு. மருத்துவர் நடுவயதுப் பெண். அஞ்சலை புடவைத் தலைப்பை மோவாயோடு பிடித்திருப்பதைக் கவனித்துவிட்டு, அதை விலக்கச் சொன்னார். பார்த்தார். பிறகு, அது தொந்தரவாக இருக்கிறதா என்று கேட்டார். "எனக்கு ஒருபோதும் தொந்தரவாக இருந்ததில்லை" என்று நான் ஆங்கிலத்தில் நிமிர்ந்து பதில் சொன்னேன். மருத்துவர் புன்னகை மாறாமல், "நான் உங்களைக் கேட்கவில்லை" என்றார். அஞ்சலையிடம் திருப்பிச் சொன்னபோது அவள் என்னைப் பார்க்காமல் மருத்துவரைப் பார்த்து, எனக்குத் தெரியாமல் எங்கிருந்தோ கற்றிருந்த ஒரே சொல்லைச் சொன்னாள்: "யெஸ்."

அப்படித்தான் ஸ்பைரோனோலாக்டோன் எங்கள் வீட்டுக்குள் வந்தது. முதலில் ரத்த அழுத்தத்துக்கும் உடம்பில் கோத்த நீருக்கும் கொடுக்கப்பட்ட மாத்திரை அது. பெண் உடம்பில் ஆண் ஹார்மோனின் வேலையைத் தடுப்பதால் முகத்து முடிக்கும், பருவுக்கும், உச்சி மயிர் கொட்டுவதற்கும் இப்போது தருகிறார்கள். உடனே பலன் தெரியாது, ஆறு மாதமாவது பொறுக்க வேண்டும், ரத்தத்தில் பொட்டாசியம் ஏறுகிறதா என்று சோதித்துக்கொண்டே இருக்க வேண்டும் என்றார் மருத்துவர். நான் எல்லாவற்றையும் ஒழுங்காக மொழிபெயர்த்தேன். ஆறு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை மடியில் தலையை வைத்தவளின் மோவாயில் எனக்கு வேலையே இல்லை. முளைத்த நாலைந்தும் பூனை மயிராக இருந்தன. "முடிஞ்சிதா? அவ்ளோதானா?" என்று எழுந்து போய்விட்டாள். அந்த வாரத்துக் கதை எதையும் அவள் சொல்லவில்லை.

எனக்குப் பொறாமை வந்தது. வயதான ஆண் ஒரு மாத்திரையின் மீது பொறாமைப்படுவது எழுதுவதற்கே அசிங்கமாக இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன். அவள் தலைப்பைத் தோளில் போட்டுக்கொண்டு தெருவில் நடந்தாள். உச்சியிலும் முடி அடர்ந்தது. வெயிலில் நின்று பக்கத்து வீட்டுக் கிரேக்கக் கிழவரோடு வேலிமேல் கை வைத்துப் பேசினாள். அவருக்குத் தமிழ் தெரியாது, இவளுக்கு ஆங்கிலமே சரியாக வராது. எலுமிச்சை ஒரு பை வேலியைத் தாண்டி வரும், முருங்கைக்கீரை வடை ஒரு தட்டு போகும். ஒருநாள் அவர் தன் கன்னத்தைத் தொட்டுக்காட்டி, "வெரி குட், வெரி யங்" என்றார். வாயைக் கையால் மூடாமல் அவள் சிரித்தாள்.

"என்னாவாம் அவருக்கு?" என்றேன் உள்ளே வந்ததும்.

"யங்காம். கெழவனுக்குக் கண்ணு தெரியல போல."

"உனக்கு நல்லாத் தெரியுது."

அவள் என்னை ஒரு கணம் பார்த்தாள். "இன்னாங்க, எலுமிச்சங்கா மேலயா கோவம்?" என்று கேட்டுவிட்டு ஊறுகாய் போட உட்கார்ந்தாள்.

அந்தச் சமயத்தில் கரியாலூரிலிருந்து செய்தி வந்தது. அக்கா மகள் பவித்ராவுக்குக் கல்யாணம். இரண்டு மாதம் முன்னதாகவே போய் அக்காவோடு இருக்கப்போவதாக அஞ்சலை அறிவித்தாள். அனுமதி கேட்கவில்லை என்பதை நான் கவனித்தேன். நான் உடன் போக முடியாது; கண் அறுவைச் சிகிச்சைக்கு எனக்கு நாள் குறித்திருந்தார்கள். அவள் தனியாக, இரண்டு மாதம், அத்தனை பேர் நடுவில், அந்த முகத்தோடு. நான் இல்லாத ஒரு வீட்டில் அவள் சிரித்துக்கொண்டிருப்பதை நினைத்தாலே சாப்பாடு இறங்கவில்லை.

அடுத்த ரத்தப் பரிசோதனை முடிவைக் கேட்க நாங்கள் இருவரும்தான் போனோம். மருத்துவர் கணினியைப் பார்த்து, எல்லாம் "பெர்ஃபெக்ட்", மாத்திரையைத் தொடரலாம் என்றார். அஞ்சலை என் முகத்தைப் பார்த்தாள். "பொட்டாசியம் ஏறிடுச்சாம். இதயத்துக்கு ஆகாதாம். நிறுத்திடணுமாம்" என்றேன். முப்பத்தைந்து வருடம் மாணவர்களுக்குப் பாடம் நடத்திய அதே நிதானமான குரலில் சொன்னேன். அவள் முகம் விழுந்ததைப் பார்த்த மருத்துவர், அவளுக்கு இதில் சந்தோஷம் இல்லையா என்று கேட்டார். அவளுக்கு ரொம்ப சந்தோஷம் என்றேன்.

முடி மெல்லத்தான் திரும்பி வந்தது. முதலில் மோவாய்க்குக் கீழே, பிறகு உதட்டோரத்தில். அவள் மறுபடி தலைப்பைப் பிடித்துக்கொண்டாள். எலுமிச்சை வாங்கவும் போகவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளாகவே வந்து மடியில் தலை வைத்தாள். எனக்கு இருந்த மகிழ்ச்சியை என்னவென்று சொல்ல? கதை கேட்கக் காத்திருந்தேன். அவள் பேசவில்லை. கண்ணீர் மட்டும் வந்தது. மேலுதட்டுக்கு நான் இன்னும் போகவே இல்லை. "ஊருக்குப் போவல. அக்காகிட்ட சொல்லிட்றேன்" என்றாள் கடைசியில். பிறகு, "அதுக்கு முன்னாடி வேற மருந்து இருக்குதான்னு அந்தம்மாகிட்ட ஒரு தபா கேட்டுட்றீங்களா?" என்றாள்.

இல்லையென்று மொழிபெயர்ப்பது என்ன கஷ்டம் என்று நினைத்துக்கொண்டு கூட்டிப்போனேன். மருத்துவர் அவள் முகத்தைப் பார்த்ததும் புருவத்தைச் சுருக்கினார். மாத்திரையை அவளே நிறுத்திவிட்டாள் என்றேன். ஏன் என்றார். ஊருக்குப் போகிற பயம் என்று ஏதோ உளறினேன். அவர் என்னைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், பிறகு மேசைத் தொலைபேசியில் ஒரு எண்ணை அழுத்தினார். சந்தேகம் வந்துவிட்டால் இங்கே கணவன் மொழிபெயர்த்தால் போதும் என்று விடமாட்டார்கள் என்பதை அன்றுதான் அறிந்தேன். ஸ்பீக்கரில், தொலைபேசி வழியாக மொழிபெயர்க்கும் ஓர் ஈழத்துப் பெண்ணின் குரல் கேட்டது.

"வணக்கம் அம்மா. நீங்கள் ஏன் குளிசையை நிப்பாட்டினீங்கள் எண்டு டாக்டர் கேக்கிறா. போன முறை உங்கட ரத்தம் நல்லாத்தானே இருந்தது, தொடரச் சொன்னனே எண்டுறா."

அஞ்சலை என் பக்கம் திரும்பினாள். நான் சுவரில் மாட்டியிருந்த சிறுநீரகப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் என்னைக் காட்டிக்கொடுத்திருந்தால் எனக்கு இவ்வளவு பாரம் இருந்திருக்காது. "நாந்தாங்க தப்பாப் புரிஞ்சிக்கினேன்" என்றாள் தொலைபேசியிடம். "இனிமே நீங்களே சொல்லுங்க. அவருக்குக் காது சரியில்ல."

வீட்டுக்கு நடந்து வரும்போது மன்னிப்புக் கேட்டேன். உன்னோடு இருந்த அந்த ஞாயிற்றுக்கிழமைகள் போய்விட்டனவே என்ற ஏக்கத்தில் செய்துவிட்டேன் என்றேன். அவள் நின்றாள்.

"உங்களுக்கு அது ஏக்கம். எனக்கு இன்னான்னு கேட்டீங்களா? இந்த வாரம் இவரு கோவத்துல இருந்தா புடுங்கமாட்டாரேன்னு சனிக்கெழமையே உங்க மொகத்தப் பாத்துக்கினே இருப்பேன். நீங்க சிரிக்கணுமேன்னுதான் ஊருக் கதையெல்லாம் சொன்னேன். பாதி கதை நானா கட்டுனது."

ஒருமுறை ஏதோ சண்டையில் இரண்டு வாரம் முள்வாங்கியைத் தொடாமல் இருந்தேன். அந்த இரண்டாம் வாரத்தில்தான் பவித்ராவுக்குக் காது குத்தினார்கள். இவள் காய்ச்சல் என்று சொல்லிப் போகாமல் இருந்தாள். காய்ச்சல் இல்லையென்று எனக்குத் தெரியும். தெரிந்தும் அன்று மாலை சுண்டல் வாங்கிவந்து கொடுத்தேன்.

மாத்திரையைத் திரும்பத் தொடங்கினாள். அது மறுபடி வேலை செய்யும்வரை காத்திருக்கவில்லை. மருமகளோடு போய் ஒரு சின்ன ரேசர் வாங்கி, குளியலறையில் தானே மழித்துக்கொள்ளக் கற்றாள். மழித்தால் அடர்த்தியாக வளரும் என்று இத்தனை வருடம் அவளிடம் நான் சொல்லிவந்தது பொய்யாம்; அதையும் மருத்துவர்தான் சொன்னாராம். விமான நிலையத்தில் என் கையைப் பிடித்து, "கண்ணுக்குச் சொட்டு மருந்து வுட மறக்காதீங்க" என்றாள். எப்போது திரும்பி வருவாய் என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

நேற்று மாலை கரியாலூரிலிருந்து வீடியோவில் அழைத்தாள். இங்கே குளிர்; நான் கம்பளிக்குள் இருந்தேன். அங்கே வாசலில் வெயில். அவள் முகம் திரை முழுதும் இருந்தது, தலைப்பு தோளில். பின்னாலிருந்து மலைக்காரப் பெண் ஒருத்தி எட்டிப் பார்த்து, "யாருக்கா அது?" என்றாள்.

"எங்க வூட்டுக்காரரு. அந்த ஊர்க்காரரு" என்றாள் அஞ்சலை.

நான் பிறந்து வளர்ந்தது கள்ளக்குறிச்சி என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் யாரோ கூப்பிட, அவள் அலைபேசியை வாசல் கட்டிலில் போட்டுவிட்டுத் திரும்பினாள். அணைக்க மறந்துவிட்டாள். திரையில் பலாமரக் கிளையும் அதற்குமேல் வானமும் மட்டும் தெரிந்தன. பவித்ராவின் குரல் கேட்டது. அவளும் இதே மாத்திரையைத்தான் சாப்பிட்டு வந்தாளாம். கல்யாணம் என்றதும் வயிற்றில் வரும் பிள்ளைக்கு ஆகாது என்று கள்ளக்குறிச்சி மருத்துவர் நிறுத்தச் சொல்லிவிட்டாராம். "திரும்ப மொளைச்சிடும் சித்தி. அவரு பாத்தா இன்னா நெனைப்பாரு?"

"மொதல் நாளே சொல்லிடு" என்றாள் அஞ்சலை. "சொல்லு. ஆனா அதுக்கு அவன் கைய எதிர்பாத்துக்கினு ஒரு நாளும் குந்தாத. உன் கண்ணாடி, உன் கை. புரியுதா?"

யாரோ ஏதோ சொல்ல, பல பெண்கள் சேர்ந்து சிரித்தார்கள். அதில் அவள் சிரிப்பு எது என்று எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியும். அப்போதும் பொறாமையாகத்தான் இருந்தது. அழைப்பைத் துண்டித்திருக்கலாம். இங்கே சன்னலுக்கு வெளியே இருட்டிவிட்டது. விளக்கைப் போட எழவில்லை. கையில் இருந்த திரையில் மட்டும் கரியாலூரின் வெயில் இருந்தது, காற்றில் பலா இலைகள் அசைந்தன. அந்த வெளிச்சம் என் கம்பளிமேல் விழுந்துகொண்டிருந்தது.