நாற்பது வீட்டுக்கு ஒரு தலை

அலுவலகத்தில் அவளைப் பங்கக்கா என்றே கூப்பிட்டார்கள். ஒரு டவரை நம்பியிருக்கும் கைபேசிகளில் எதற்கு, எந்தக் கணத்தில், எவ்வளவு அலை என்று பங்கு போடும் நிரலை எழுதியவள் அவள். மேதை என்று யாரும் சொன்னதில்லை. கணக்கில் பிசகமாட்டாள் என்பார்கள்.

டவரின் அலை குன்றுக்குப் பின்னாலிருந்த நாற்பது வீடுகளுக்கு எட்டாது. உச்சியில் ஒரு ரிலே பெட்டி இருந்தது. டவரிடம் வாங்கி அந்த வீடுகளுக்குக் கைமாற்றும். வரும் வெள்ளிக்கிழமை அதைக் கழற்றிவிட மேலாளர் முடிவு செய்திருந்தார்.

"அத யாரும் பெருசா பயன்படுத்தல. நீங்க குடுத்த அறிக்கைதானே?"

திங்கள் காலை, குன்றுக்குப் பின்னால் குடியிருந்த தங்கை கூப்பிட்டாள். போனில் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லித் தருபவள். மேலாளர் சொன்னதை அவளிடம் சொன்னாள். தங்கையின் குரல் விட்டுவிட்டு வந்தது.

"பயன்படுத்தலயா? குழாய அடைச்சு வச்சிட்டு, இவங்களுக்குத் தாகமே இல்லன்னு சொல்ற மாதிரி இருக்குக்கா."

"சிக்னல்தான் வரல. வாய் நல்லா வருது உனக்கு."

சிரித்துவிட்டாளே தவிர, அது முள்ளாய்த் தைத்தது. நிரலைத் திறந்து வரிவரியாகப் படித்தாள். தலைக்குச் சம பங்கு என்று எழுதியிருந்தாள். ரிலே பெட்டியும் அதில் ஒரு தலை. நாற்பது வீட்டுக்கும் சேர்த்து ஓர் ஆளின் பங்கு. அதிலும் பாதி நேரம் டவரிடம் வாங்குவதிலேயே போனது. எல்லாருக்கும் சமம் என்றவள், எல்லார் என்றால் யார் யார் என்று கேட்கவில்லை.

சத்தமில்லாமல் திருத்தியிருக்கலாம். ஆனால் காரணம் சொல்லாமல் பெட்டியைக் காப்பாற்ற முடியாது. மேலாளர் அறைக்குப் போனாள்.

"தப்பு பெட்டியில இல்ல சார், என் கணக்குல. நாலு வருஷமா."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "திருத்தினா டவர் பக்கத்துல இருக்கறவங்களுக்கு வேகம் குறையுமே. யார் பதில் சொல்றது?"

"நான் சொல்றேன். அவங்க பங்க எடுக்கல சார். அவங்ககிட்ட போயிட்டிருந்த அடுத்தவங்க பங்கைத்தான் எடுக்கறேன்."

"உங்க பேர்லயே எழுதிக் குடுங்க."

எழுதிக் கொடுத்தாள். அன்றே திருத்தினாள். வியாழக்கிழமைக்குள் பெட்டியின் பயன்பாடு பன்னிரண்டு மடங்கானது. கழற்ற வேண்டாம் என்று மேலாளரே சொல்லிவிட்டார். பிறகு, போகிறவர் திரும்பி நின்றார். அவர் வீடு டவருக்கு எதிரிலேயே இருந்தது.

"படம் நின்னு நின்னு வருதாம். யார் பாத்த வேலைன்னு வீட்ல கேக்கறாங்க."

"நம்பர் குடுங்க சார். நானே பேசறேன்."